பசிபிக் தீவுகளின் செய்தி வானொலி: சுவிட்ச் யார் கையில்?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. பசிபிக் தீவு நாடுகளின் அரசியலும் சமூகமும் புரிய வேண்டுமானால் பசிபிக் முழுவதற்கும் ஒலிபரப்பும் வட்டார வானொலியைக் கேள் என்கிறார்களே, அந்தந்த நாட்டு வானொலி போதாதா? இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு கேட்க முடியுமா? கேட்டதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: நாட்டு வானொலி இல்லாமல் முடியாது, அது மட்டும் போதவும் போதாது. காரணம் செய்தியாளர்களின் தரமல்ல. ஒலிபரப்புக் கருவியின் சுவிட்ச் எந்த நாட்டில் இருக்கிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

2009 ஏப்ரலில் ஃபிஜியில் நடந்ததைப் பாருங்கள். பைனிமராமாவின் ராணுவ ஆட்சி சட்டத்துக்குப் புறம்பானது என்று ஏப்ரல் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாளே அரசியல் சட்டம் ரத்து. செய்தி அறைகளுக்குத் தணிக்கை அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் மூத்த செய்தியாளர் ஷான் டோர்னி நாடு கடத்தப்பட்டார். அதே வாரத்தில் ஏபிசியின் வெளிநாட்டுச் சேவையான ரேடியோ ஆஸ்திரேலியாவின் பண்பலை மறு ஒலிபரப்பும் நிறுத்தப்பட்டது. பண்பலைக் கருவி ஃபிஜி மண்ணில் இருந்தது, ஆள் போய் அணைத்தால் முடிந்தது. நாடு கடந்து வெகுதூரம் போகும் சிற்றலைக்கான கருவி இருந்ததோ ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஷெப்பர்ட்டனில். அதை ஃபிஜித் தலைநகர் சுவாவிலிருந்து யாரும் அணைக்க முடியாது. பழைய சிற்றலைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்குச் செய்தி நிற்கவில்லை. ஈழப்போர்க் காலத்தில் பிபிசி தமிழோசையைக் காதோடு ஒட்டிக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட சிற்றலையைத்தான் 2017 ஜனவரி 31 அன்று ஏபிசி மூடியது. மிச்சமாகும் தொகை என்று சொல்லப்பட்டது ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பண்பலையும் இணையமும் போதும் என்பது வாதம். பின்னாளில், கைவிடப்பட்ட அலைவரிசைகள் சிலவற்றில் சீனாவின் பன்னாட்டு வானொலி ஒலிக்கிறது என்பது கான்பெராவில் பெரிய பேச்சானது. என் கணிப்பில் அதைவிடப் பெரிய இழப்பு வேறு: புயல் கோபுரத்தைச் சாய்த்த அன்றைக்கும் கேட்கக்கூடிய குரல்களில் ஒன்று குறைந்துபோனது.

நியூசிலாந்து வேறு முடிவெடுத்தது. அந்நாட்டின் சிற்றலை ஒலிபரப்பு 1948 செப்டம்பரில், போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் விட்டுப்போன 7.5 கிலோவாட் கருவிகள் இரண்டோடு, வெலிங்டன் அருகே டிட்டாஹி பேயில் தொடங்கியது. 1990 ஜனவரியில் டாப்போ பக்கத்து ரங்கிடைக்கியில் 100 கிலோவாட் கருவியோடு ரேடியோ நியூசிலாந்து இன்டர்நேஷனல் ஆனது. 2017-லிருந்து பெயர் ஆர்என்இசட் பசிபிக். பழைய கருவி தேய்ந்துபோக, 2022-ல் 44 லட்சம் நியூசிலாந்து டாலர் ஒதுக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் செய்த புதுக் கருவி 2024-ல் இயங்கத் தொடங்கியது.

இந்த நிலையத்தின் செய்தி இரண்டு வழியாகத் தீவுகளை அடைகிறது. ஒன்று, கேட்பவர் நேரடியாகச் சிற்றலையில் பிடிப்பது. மற்றது, தீவு நாடுகளின் உள்ளூர் நிலையங்கள் அதை வாங்கித் தங்கள் பண்பலையில் மறு ஒலிபரப்புச் செய்வது. இந்த இரண்டாவது வழிக்காகவே 2006-ல் டிஆர்எம் என்னும் டிஜிட்டல் சிற்றலையும் வந்தது. பழைய அனலாக் சிற்றலையில் செய்தி ஏறி இறங்கி இரைச்சலோடு வரும், அதை அப்படியே பண்பலையில் போட்டால் கேட்கச் சகிக்காது. டிஆர்எம் தெளிவாக வரும், செயற்கைக்கோள் வாடகையும் மிச்சம். ஆனால் அதற்கொரு குணம் உண்டு. அனலாக் சமிக்ஞை பலவீனமானால் இரைச்சலுக்குள்ளும் சொல் புரியும். டிஆர்எம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒலி அப்படியே அறுந்து மௌனமாகிவிடும். இரண்டையும் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

இனி நாட்டு வானொலிகள். சாலமன் தீவுகளில் எஸ்ஐபிசி, வானுவாட்டுவில் ரேடியோ வானுவாட்டு, பப்புவா நியூகினியில் என்பிசி, டோங்காவில் ஏ3இசட், ஃபிஜியில் எஃப்பிசி. ஃபிஜியில் ரேடியோ ஃபிஜி ஒன் பூர்வகுடிகளின் இதௌக்கே மொழியிலும், ரேடியோ ஃபிஜி டூ இந்துஸ்தானியிலும் ஒலிக்கின்றன. 1903 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தென்னிந்தியரின் வழிவந்தவர்களும் இன்று அந்த இந்துஸ்தானியில்தான் செய்தி கேட்கிறார்கள்.

இந்த நிலையங்களின் அன்றாடப் பாடு அரசியலைவிட மின்சாரம்தான். மீடியம் வேவ் எனப்படும் மத்திய அலை அவர்களுக்கு ஏன் முக்கியம் என்றால், உப்பு நீர் நல்ல மின்கடத்தி. மத்திய அலை கடல் மேற்பரப்பை ஒட்டியே பகலில் பல நூறு கிலோமீட்டர் போகும். அதே திறனைப் பண்பலையில் போட்டால் கோபுர உயரத்தைப் பொறுத்து 50, 80 கிலோமீட்டரோடு சரி. ஆனால் 10 கிலோவாட் மத்திய அலைக் கருவி ஒன்று, நவீன வகையாக இருந்தாலும், சுமார் 15 கிலோவாட் இழுக்கும். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் மணிக்கு நாலு, நாலரை லிட்டர்; நாளுக்கு 18 மணி நேரம் என்றால் 80 லிட்டர். இது தோராயக் கணக்குதான், ஆனால் வெளித்தீவில் டீசல் கப்பலில் வர வேண்டும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அதோடு உப்புக்காற்று. கோபுரத்தின் அடிப்பகுதியும் இழுவைக் கம்பிகளும் துருப்பிடிக்கும். கோபுரத்துக்குத் தரை இணைப்பாகப் புதைத்த செப்புக் கம்பிகள் அரித்துப்போகும், அல்லது திருடுபோகும். கம்பி போனால் கருவி நன்றாக இருந்தும் எல்லை பாதியாகச் சுருங்கும். பப்புவா நியூகினியில் மாகாண நிலையங்களுக்குக் குண்டு என்று பெயர்; மேளத்தைக் குறிக்கும் சொல். அவற்றில் பல அவ்வப்போது மௌனமானதற்குப் பெரும்பாலும் காரணம் தணிக்கையல்ல. கட்டாத மின் கட்டணமும் கிடைக்காத உதிரிப் பாகமும்தான்.

அதனால் அரசு கொடுக்கும் பணத்தை நம்பித்தான் நிலையம் உயிரோடு இருக்கிறது. சாலமன் தீவுகளில் 2022-ல் இது வெளிப்படையாகவே தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சீனாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை. அடுத்த சில மாதங்களில் எஸ்ஐபிசியை அரசுத் தொழில் நிறுவனங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, நேரடியாக அரசு நிதியில் இயங்கும் அமைப்பாக மாற்றினார்கள். நிலையம் அரசுக்கு எதிரான குரல்களுக்கு அதிகம் இடம் கொடுக்கிறது என்று பிரதமர் சொகவாரே தரப்பு குறைப்பட்டுக்கொண்டது. செய்திகள் ஒலிபரப்பாகும் முன் அரசு பார்வையிடப்போகிறது என்ற செய்தி கிளம்பியது. தணிக்கை இல்லை என்று அரசு மறுத்தது. இதையெல்லாம் விரிவாகச் சொன்னது பெரும்பாலும் வெளி வானொலிதான். தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சுதந்திரமாகச் சொல்லும் நிலையில் அந்த நிலையம் அப்போது இல்லை.

அதற்காக நாட்டு வானொலியை ஒதுக்க வேண்டாம். எஸ்ஐபிசியின் 'சர்வீஸ் மெசேஜ்' என்னும் தனி அறிவிப்புகளை ஒரு வாரம் கேட்டால் அந்நாட்டுச் சமூகம் கண்முன் வந்துவிடும்: சாவுச் செய்தி, கப்பல் எந்தத் தீவுக்கு எப்போது கிளம்பும், இன்னார் உடனே ஊருக்கு வரவும் என்ற தகவல். பப்புவா நியூகினியில் இத்தகைய அறிவிப்புக்குத் 'தோக்சேவ்' என்று பெயர். வெலிங்டனிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ வரும் செய்தியில் இவை இராது. அங்கே சாலமன் என்றாலே சீனா வந்துவிடுகிறது. கொப்பரை விலை, மருந்தில்லாத கிராம மருத்துவ நிலையம், காட்டுமர நிறுவனத்துக்கு நிலம் விட்டதில் உறவுக்குள் சண்டை ஆகியவைதான் சாலமனில் வாக்குகளை நகர்த்துகின்றன.

அரசியல் செய்தியில் அதிகம் பிழை நேரும் இடம் நம்பிக்கையில்லாத் தீர்மானம். பப்புவா நியூகினி, சாலமன், வானுவாட்டு போன்ற மெலனேசிய நாடுகளில் கட்சி என்பது தளர்வான கட்டு. 'வாண்டோக்' என்பார்கள்: ஒரே பேச்சுக்காரர், அதாவது ஒரே மொழி பேசும் தன் ஆள். அந்தப் பந்தமும் தொகுதிக்குக் கிடைக்கும் நிதியும் கட்சிக் கொடியைவிட வலிமையானவை. தீர்மானத்தில் இத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்ற எண் வாக்கு எண் அல்ல. கையெழுத்திட்டவர் மறுநாள் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பார். சாலமனில் தேர்தல் முடிந்ததும் உறுப்பினர்களைத் தலைநகர் ஹோனியாராவின் ஓட்டல்களில் தனித்தனி முகாமாகத் தங்கவைத்துக் காப்பார்கள், கூவத்தூர் பாணிதான். அங்கே பிரதமர் தேர்வு 50 உறுப்பினரின் ரகசிய வாக்கு என்பதால் முகாம் கணக்கும் பெட்டிக் கணக்கும் பொருந்தாமல் போகலாம். 2024 மே 2 அன்று ஜெரெமையா மனேலே 31 வாக்கும் மேத்யூ வாலே 18 வாக்கும் பெற்றார்கள். அதுவரை வந்த எந்த எண்ணையும் 'கோருகிறார்கள்' என்ற வினையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வானுவாட்டுவில் இன்னும் நுணுக்கம். 52 இடங்கள் கொண்ட சபை, தீர்மானம் வெல்ல அறுதிப் பெரும்பான்மை, அதாவது மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும். 2023 ஆகஸ்டில் பிரதமர் இஷ்மாயில் கல்சகாவுக்கு எதிராக 26 வாக்கு விழுந்தது. 52-ல் அறுதி என்றால் 27. எனவே தோல்வி என்றார் சபாநாயகர். ஓர் இடம் காலியாக இருந்தது, 51-க்கு 26 போதும் என்று எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்க, செப்டம்பர் 4 அன்று சாத்தோ கில்மன் பிரதமர். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 6 அன்று, சார்லோ சல்வாய். ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்கள். 'ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது' என்று முதல் நாள் முடித்துவிட்ட செய்தியும், 'தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார், எண்ணிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம்' என்று சொன்ன செய்தியும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் சொல்லும் நிலையம்தான் சபை விதியைப் படித்த நிலையம். நீங்கள் கேட்கும் நிலையத்தை எடைபோட இது நல்ல உரைகல்.

அதே நாட்டில் 2015 அக்டோபரில், லஞ்ச வழக்கில் 14 உறுப்பினர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதிபர் பால்ட்வின் லான்ஸ்டேல் அப்போது வெளிநாட்டில். பொறுப்பு அதிபராக இருந்த சபாநாயகர் மார்செலினோ பிப்பிட்டே, குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்களில் தானும் ஒருவர், மொத்தப் பேருக்கும் மன்னிப்பு வழங்கினார், தனக்கும் சேர்த்துத்தான். லான்ஸ்டேல் திரும்பி வந்து அதை ரத்து செய்தார். இதுபோன்ற நேரத்தில் நாட்டு வானொலி அறிவிப்பாளர் யாருடைய அறிவிப்பை முதலில் வாசிப்பது என்பதே சிக்கல். வெளி நிலையம் இரண்டு தரப்பையும் தொலைபேசியில் பிடித்து அடுத்தடுத்துப் போட்டுவிட முடியும்.

வெளி நிலையத்துக்கும் சுவர்கள் உண்டு. குட்டித் தீவு நாடான நவ்ரு 2014-ல் வெளிநாட்டுச் செய்தியாளர் விசாக் கட்டணத்தை 200 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 8,000 ஆக்கியது. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. 2018-ல் அங்கே பசிபிக் தீவுகள் மன்ற உச்சி மாநாடு நடந்தபோது ஏபிசிக்கு அனுமதியில்லை. இப்படிப்பட்ட நாடு பற்றிய செய்தி பெரும்பாலும் தொலைபேசியிலும் பெயர் சொல்லாத ஆட்களிடமும் திரட்டியது என்று எண்ணிக் கேளுங்கள். இன்னொரு சுவர் உள்ளேயே இருக்கிறது. 2025 பிப்ரவரியில், நியூசிலாந்தோடு இணைந்த தன்னாட்சி நாடான குக் தீவுகள் சீனாவோடு ஒப்பந்தம் செய்தது. நியூசிலாந்து 1 கோடியே 82 லட்சம் டாலர் உதவியை நிறுத்திவைத்தது ஜூனில் தெரியவந்தது. சண்டையின் ஒரு தரப்பு நியூசிலாந்து அரசு, அந்நாட்டு மக்கள் பணத்தில் இயங்கும் வானொலி அதைச் செய்தியாக்குகிறது. ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஆனாலும் எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுகிறது என்பதைக் கவனிக்கலாம். அந்த மாதிரி நாளில் குக் தீவுச் செய்தித்தாளையும், பாக்நியூஸ் என்னும் தீவு ஒலிபரப்பாளர்களின் கூட்டுச் செய்தி முகமையையும் (1987-ல் தொடங்கியது) ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பேரிடர் நாளில் விதி தலைகீழ்: வந்த செய்தியைவிட வராத செய்திதான் அதிகம் சொல்லும். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் எரிமலை வெடித்து ஃபிஜிக்கும் டோங்காத் தலைநகர் நுக்குவலோஃபாவுக்கும் இடையிலான கடலடிக் கம்பி அறுந்தது. ஐந்து வாரம் கழித்துத்தான் சரியானது. வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கம்பிக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. முதல் சில நாட்கள் வெளியே வந்ததெல்லாம் செயற்கைக்கோள் தொலைபேசிச் சொற்களும் விமானத்திலிருந்து எடுத்த படங்களும்தான். அப்போது 'சேதம் பற்றித் தகவல் இல்லை' என்ற வாக்கியம் சேதமில்லை என்று பொருள்படாது. ஒரு தீவிலிருந்து செய்தி வரவில்லையென்றால் மோசமாக அடிபட்டது அந்தத் தீவாகத்தான் இருக்கக்கூடும். நல்ல வட்டாரச் செய்தி எந்தத் தீவோடு தொடர்பு கிடைத்தது, எதோடு கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லிப் பிரிக்கும்.

சமோவாவில் 2019 தட்டம்மையின்போது வானொலியின் வேலை வேறாக இருந்தது. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் நாட்டையே மூடி, தடுப்பூசி போடாதவர் இருக்கும் வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். எந்த நேரத்தில் குழு வரும், யார் வெளியே வரக்கூடாது என்பதை உள்ளூர் மொழியில் சொல்ல நாட்டு வானொலிதான் முடியும். தடுப்பூசி விகிதம் ஏன் முன்பே சரிந்தது என்ற சங்கடமான கேள்வியை அலசுவது வெளி வானொலிக்கு எளிது.

இனி, இங்கிருந்து கேட்பது. ஆர்என்இசட் பசிபிக்கின் திசை ஏரியல்கள் தீவுகளை நோக்கியவை, தென்னிந்தியாவை அல்ல. நமக்குக் கிடைப்பது ஓரத்தில் சிந்துவது. ஆகவே 11,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவரும் மெல்லிய சமிக்ஞையை எதிர்பாருங்கள். பகலில் உயர் அலைவரிசையும் இரவில் தாழ் அலைவரிசையும் என்பது பொது விதி. பருவத்துக்கேற்ப அட்டவணை மாறும், நிலையத்தின் தளத்தில் இருக்கிறது. நமக்குப் பொழுது சாய்ந்து வழி முழுவதும் இருட்டான பிறகு 7, 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடலாம். பத்து மீட்டர் கம்பியை வீட்டுக்கு வெளியே கட்டி, மறுமுனையைப் பெட்டியின் ஏரியலில் கிளிப் போட்டு மாட்டுங்கள். இதைவிட நீளம் போனால் விலை குறைந்த பெட்டி திணறி, எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் மூன்றையும் அணையுங்கள். பாதி இரைச்சல் அங்கிருந்துதான். ஒலிபரப்புத் தொடங்கும் முன்னும் அலைவரிசை மாறும் முன்னும் நிலையத்தின் அடையாள ஒலியான மணிப்பறவையின் கூவல் கேட்டால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். தொடர்ந்து சீறும் ஒரே மாதிரி இரைச்சல் என்றால் அது டிஆர்எம், சாதாரணப் பெட்டியில் குரலாக மாறாது.

பெட்டி வேண்டாம் என்பவர்கள் நிலையத்தின் இணைய ஒலியைக் கேட்கலாம். சிற்றலையாகவே வேண்டுமென்றால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கிவிஎஸ்டிஆர் இணைய வானொலிகளில் நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையிலோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏஎம் முறை, வடிகட்டி அகலம் 6 கிலோஹெர்ட்ஸ். பக்கத்து நிலையம் உறுத்தினால் 4-க்குக் குறையுங்கள். சாலமனின் 5,020 கிலோஹெர்ட்ஸையும் அதே வழியில், அங்கே இரவாக இருக்கும்போது முயலலாம்.

நேரக் கணக்கில் பலர் வழுக்குகிறார்கள். நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணி முன்னால்; செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஏழரை. தேதிக்கோடு இன்னும் பொல்லாதது. சமோவா 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே விட்டுவிட்டுக் கோட்டின் மேற்குப் பக்கம் தாவியது. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அமெரிக்க சமோவா தாவவில்லை. ஆகவே இரண்டிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டும், கிழமை மட்டும் வேறு. செய்தியில் 'இன்று' என்று வந்தால் யாருடைய இன்று என்று கேளுங்கள்; தேர்தல், நீதிமன்றத் தேதிகளைக் குறிக்கும்போது கிழமையையும் நாட்டையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

கடைசியாகப் பெயர்கள். காதில் விழுந்ததை அப்படியே தட்டித் தேடினால் பல பெயர்கள் அகப்படாது, ஏனென்றால் ரோமன் எழுத்துகளை அந்த மொழிகள் வேறு ஒலிக்குப் பயன்படுத்துகின்றன. ஃபிஜியில் 'd' எழுத்தைப் பார்த்தால் முன்னால் மெல்லினம் சேரும். 'Nadi' என்று எழுதியிருக்கும் ஊர், பேச்சில் 'நாந்தி'. 'b' என்பது 'ம்ப', 'c' என்பது ஆங்கிலத் 'த' ஒலி. சமோவாவில் 'g' எழுத்து நம் 'ங'. பாகோ பாகோ என்று படிப்பது பாங்கோ பாங்கோ. கிரிபாட்டி என்று வரைபடத்தில் உள்ள நாடு வானொலியில் எப்போதும் கிரிபாஸ்தான், அவர்கள் மொழியில் 'ti' சேர்ந்தால் 'ஸ்'.